பல் விழுந்த சனிக்கிழமை

கைதட்டல் ஓயவில்லை. அருளப்பன் அண்ணன் ட்ரம்பெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்தில் பழகிய மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலிருந்து அவருடைய மேல்வரிசைப் பல் அப்படியே கழன்று, மேடை விளிம்பில் தட்டி, கீழே நடனத் தரையில் விழுந்தது.

ஆடுகிறவர்களின் கால் இலகுவாக வழுக்கிப் போகட்டும் என்று அந்தப் பலகைத் தரையில் மாவு மாதிரி ஒரு தூளைத் தூவி வைத்திருப்பார்கள். பல் செட்டு அதில் சறுக்கிக்கொண்டே போய், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் ரோஜா நிறக் காலணிக்குப் பக்கத்தில் நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். என்னவென்று புரிந்ததும் சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு கணம் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அதன் பிறகு சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

நான் பியானோவில் இருந்தேன். என் விரல்கள் கட்டைகள் மேலேயே கிடந்தன. அண்ணன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் தோன்றியது. ஆனாலும் பார்த்தேன். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையில் ட்ரம்பெட்டோடு, குனிந்த இடுப்பு இன்னும் முழுசாக நிமிராமல் நின்றார்.

இளம் அதிகாரி ஒருவன் தேநீர் மேஜையிலிருந்து சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்தான். பல்லை அதனால் எடுத்து, ஒரு சாஸரில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, கவாத்து நடை நடந்து மேடைக்கு வந்து நீட்டினான். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

அண்ணன் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "தேங்க் யூ சார்" என்றார். பல் இல்லாத வாயில் அது வேறு மாதிரி கேட்டது. மறுபடியும் சிரித்தார்கள்.

திரைக்குக் கீழே நான்கு பேர்

பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்த கதையையே இந்தத் தொடரில் இத்தனை வாரமாக எழுதிக்கொண்டு வந்தேன். பியானோ பக்கம் போகாமல் தள்ளிப் போட்டதற்கு இந்தச் சனிக்கிழமைதான் காரணம்.

நாங்கள் நான்கு பேர். ட்ரம்பெட்டுக்கு அருளப்பன் அண்ணன், சென்னீர்குப்பத்துக்காரர், பட்டாள பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளாரினெட்டுக்குக் காதர் பாய். பூவிருந்தவல்லியில் பஞ்சு மெத்தை தைத்து விற்கிற குடும்பம். ட்ரம்முக்குக் கோவில்பதாகை கோவிந்தசாமி. பியானோவுக்கு எஸ்தர் ஆகிய நான்.

பேசும்படம் வருவதற்கு முன்பு, பட்டணத்தில் ஒரு கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து படத்துக்கு வாசித்தோம். படத்தில் மழை பெய்தால் நாங்கள் மழை. குதிரை ஓடினால் கோவிந்தசாமி தேங்காய்ச் சிரட்டையில் குதிரை. கதாநாயகன் மலை உச்சியில் தொங்கினால் கோவிந்தசாமியின் இரண்டு குச்சியும் சின்ன ட்ரம் மேல் உருள ஆரம்பிக்கும். ஆள் விழுகிறவரைக்கும் அந்த உருட்டல் நிற்காது. விழுந்ததும் தாளத்தட்டில் ஒரு அடி. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். திரையைப் பார்க்காமலே அவன் கை சரியான நேரத்தில் ஆரம்பித்துவிடும்.

ஜாஸ் எங்களுக்குக் கப்பலில் வந்தது. கப்பல் பேண்டில் வாசிக்கிற ஒரு கறுப்பு அமெரிக்கர் எங்கள் கொட்டகைக்குப் படம் பார்க்க வந்தார். இடைவேளையில் அண்ணனோடு பேச ஆரம்பித்தவர், கப்பல் கிளம்புகிற வரைக்கும் தினமும் வந்தார். எழுதி வைத்த ஸ்வரத்தை விட்டு இறங்கி, நினைத்த இடத்தில் சுற்றிவிட்டு, தாளம் தப்பாமல் திரும்பி வருவது எப்படி என்று வாசித்துக் காட்டினார். பட்டாளத்தில் வரி மாறாமல் ஊதிப் பழகிய அண்ணனுக்கு அது பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்து எங்களுக்கும் ஒட்டியது. பெரிய ஓட்டல்களில்கூட எங்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

பிறகு படம் தானே பாட ஆரம்பித்தது. கொட்டகையில் எங்களுக்கு வேலை இல்லை. ஓட்டல்களுக்கு பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொண்டு டீச்சரானேன். பாய் மெத்தைக்குப் போனார். கோவிந்தசாமி ஏர் பிடிக்கப் போனான். அருளப்பன் அண்ணன் மட்டும் வாத்தியத்தை விடவில்லை. சாவு ஊர்வலத்துக்கு முன்னால் ஊதுகிற ஒரு பேண்டில் சேர்ந்துகொண்டார்.

பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில்

யுத்தம் வந்தது. ஆவடியில் பட்டாள முகாம் போட்டார்கள். கோவிந்தசாமியின் நிலத்தில் பாதி முகாமுக்குள் போய்விட்டது. அதே முகாமில் அவன் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான். என் வீட்டுக்காரர் அங்கே தபாலாபீஸில் குமாஸ்தா. நடனத்துக்கு வாசிக்க ஆள் கிடைக்கவில்லை, பேண்டுக்காரர்கள் பாதிப் பேர் போர்முனைக்குப் போய்விட்டார்கள், பட்டணத்து க்ளப் ஒன்றில் ரொம்பத் திண்டாடுகிறார்கள் என்று முகாம் அதிகாரி ஒருவர் அவரிடம் புலம்பியிருக்கிறார். "என் சம்சாரம் வாசிப்பாள்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்னவருக்கே பிறகு பயம் வந்துவிட்டது. சபையார் கேட்டால் ஒரு துரைசானிக்குப் பியானோ கற்றுக்கொடுக்கப் போகிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்படியே சொன்னோம். யாரும் நம்பவில்லை. பாதிரியாரின் மனைவி மட்டும் என் கையைப் பிடித்து, "என்ன பாட்டு வாசிப்பீங்க?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

ஒத்திகை காதர் பாயின் பஞ்சுக் கிடங்கில். சுற்றிலும் மூட்டைகள் இருந்ததால் சத்தம் வெளியே போகாது. பாயின் கிளாரினெட்டில் பஞ்சு போய் அடைத்துக்கொள்ளும். அவர் ஊதித் துப்பிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பியானோ இல்லாததால் நான் ஒரு ஆர்மோனியத்தை வைத்துச் சமாளித்தேன்.

அத்தனை வருஷம் கழித்துச் சேர்ந்து வாசிக்கிறோம். முதல் நாள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. இரண்டாவது நாள், பாய் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க, அந்த இடைவெளியில் அண்ணன் உள்ளே நுழைந்தார். பழையபடி இறங்கினார், சுற்றினார், திரும்பி வந்தார். கோவிந்தசாமி குச்சியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அண்ணனுக்குப் பேச்சில் 'ச' கொஞ்சம் சீறியது. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். பல்லெல்லாம் போய், பட்டணத்தில் ஒரு சீனாக்காரப் பல் வைத்தியரிடம் செட்டு கட்டி வைத்திருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஊதும்போது ட்ரம்பெட்டின் அழுத்தமே பல்லைத் தாங்கிக்கொள்ளும். வாயிலிருந்து எடுத்த பிறகுதான் ஆபத்து. அதனால்தான் ஒத்திகையில் அவர் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சிரிக்கவில்லை. அதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

க்ளப்பில் கைதட்டினார்கள். அந்த நேரத்தில் அவர் மறந்துபோய்ச் சிரித்துவிட்டார்.

காரியதரிசி சொன்னது

யுத்த காலத்து விளக்கணைப்பால் அங்கே நடனம் பிற்பகலிலேயே நடக்கும். இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்கள். பல் விழுந்தபோது இன்னும் சில பாட்டுகள் பாக்கி இருந்தன. சிரிப்பு அடங்காமல் இருக்கும்போதே காதர் பாய் கிளாரினெட்டை வாயில் வைத்தார். நான் சேர்ந்துகொண்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, ட்ரம்பெட்டை மடியில் வைத்து, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசி வரை துடைத்தார்.

முடிந்ததும் காரியதரிசி மேடைக்கு வந்தார். சிவந்த மீசை, கனிவான குரல். கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. நால்வரில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"வருகிற சனிக்கிழமையும் நீங்கள் வர வேண்டும். அந்தப் பல் விஷயம் அபாரம். இந்தப் பையன்களில் பலர் சீக்கிரம் பர்மா எல்லைக்குப் போகிறவர்கள். இவர்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை கடைசிப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரிடம் சொல்லிவிடுங்கள்."

"இன்னா சொல்றாரு தொர?" என்றான் கோவிந்தசாமி.

"நல்லா வாசிச்சோமாம். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்றாரு" என்றேன்.

காரியதரிசி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் முழுவதும் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அண்ணன் தலையைக் குனிந்து பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

கரி பஸ்ஸில்

அப்போதெல்லாம் பெட்ரோல் கிடையாது. பின்பக்கம் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரி எரித்து ஓடுகிற பஸ்தான். பூவிருந்தவல்லி வந்து சேருவதற்குள் முகமெல்லாம் புகை படிந்துவிடும். அண்ணன் வழி முழுக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்தார். புகைக்காக மூடியிருப்பதாக மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

கோயம்பேடு தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"பாதி ஆயுசு பட்டாளத்துல இருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதா எஸ்தரு?"

எனக்குக் கழுத்து வரைக்கும் சுட்டது.

"தப்பா நெனச்சிக்காதே. நீ சொல்லாத வுட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"இன்னா நைனா? இன்னா சொல்லாத வுட்டுது?" என்று கோவிந்தசாமி முன் சீட்டிலிருந்து திரும்பினான்.

அண்ணனே சொன்னார். நிதானமாக, யாரோ ஒருவருடைய சங்கதியைச் சொல்கிற மாதிரி சொன்னார். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவனுங்க நடு மண்டையில அடிக்கணும்" என்றான் கோவிந்தசாமி. "நாம போவ வேணாம். இதோட சரி."

"நான் போறேன்."

"இன்னா நைனா பேசிக்கினு கீறே? பல்ல கழட்டிக் காட்டவா போறே?"

"கடசிப் பாட்டுல ஒரு நிமிசம். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. அதுக்கு முன்னால சாய்ங்காலம் பூரா வாசிக்கலாம் இல்ல?" அண்ணன் துண்டை எடுத்துவிட்டார். கன்னங்கள் உள்ளே ஒட்டிப் போயிருந்தன. "பொணத்துக்கு முன்னால ஊதிக்கினு கீறேன் கோவிந்து, இத்தினி வருசமா. ஒரே பாட்டு. எவன் செத்தாலும் அதே பாட்டு. இன்னிக்கு நாம வாசிச்சோமே, அப்ப எனக்கு எப்டி இருந்திச்சின்னு உனுக்குத் தெரியுமா?"

"நான் வர்ல" என்றான் கோவிந்தசாமி. "நீங்க மூணு பேரும் போங்க."

காதர் பாய் கண்ணைத் திறக்காமலே, "அண்ணன் போனா நானும் போறேன். அவரைத் தனியா அங்க நிக்க வைக்க முடியாது" என்றார்.

நானும் அதையே சொன்னேன். ஆனால் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, அடுத்த சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை

காய்ச்சல் வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போனால் கோவிந்தசாமி ட்ரம் மேலேயே உட்கார்ந்திருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் வரலைன்னா வேற எவனாவது தப்புத் தப்பா அடிப்பான். அதான் வந்தேன்" என்றான்.

அன்று அண்ணன் வாசித்ததை எப்படிச் சொல்வது? நான் பிறகு எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன், ரேடியோவிலும் நேரிலும். அந்தப் பிற்பகல் அவர் ஊதியது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு மெதுவான பாட்டில், ட்ரம்பெட்டின் வாய்க்கு முன்னால் தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிற மாதிரி ஊதினார். ஒரு இடத்தில் ஸ்வரம் அப்படியே வளைந்து கீழே இறங்கியது. காதர் பாய் தான் வாசிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அந்த இடத்தில்தான் கூடத்தின் கோடியிலிருந்து ஒருவன், "டீத்" என்று கத்தினான்.

இன்னொருவன் சேர்ந்துகொண்டான். அப்புறம் மேஜையில் தட்டினார்கள். டீத், டீத், டீத். எங்கள் தாளத்துக்கே தட்டினார்கள், அதுதான் கொடுமை. போன வாரம் வந்தவர்கள் வராதவர்களுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். அண்ணன் பாட்டை நிறுத்தவில்லை. தொப்பியை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்த இளம் அதிகாரி சாஸரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினான். மீசை முளைத்தும் முளைக்காத முகம். அவனும் பர்மா போகிறவனாகவே இருந்திருக்கலாம். எத்தனையோ தடவை இதை நினைத்து அவன் மேல் இருக்கிற கோபத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பாட்டு வந்தது. வேகமான பாட்டு. அண்ணன் உச்சி ஸ்வரத்தைப் பிடித்து, நிறுத்தி, முடித்தார். ட்ரம்பெட்டை இறக்கினார். கூடம் அமைதியானது.

அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கன்னத்துக்குள் நாக்கு அசைவது எனக்குத் தெரிந்தது. பல்லைத் தளர்த்திக்கொண்டிருந்தார். மெதுவாக இடுப்பை வளைக்க ஆரம்பித்தார்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ட்ரம் உருண்டது.

மெல்ல ஆரம்பித்து, ஏறி, ஏறி, அவர் குனியக் குனிய அதுவும் ஏறியது. மலை உச்சியில் ஆள் தொங்கும்போது கேட்கிற அதே உருட்டல். திரும்பிப் பார்த்தேன். கோவிந்தசாமியின் முகம் செத்துப் போயிருந்தது. கண் அண்ணனின் முதுகு மேலேயே நிலைகுத்தியிருந்தது. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை.

பல் விழுந்தது. தாளத்தட்டில் அடி விழுந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். முதல் வாரத்தைவிட அதிகம். அண்ணன் நிமிர்ந்து, பொக்கை வாயோடு சிரித்துக் காட்டினார். சாஸர் வந்தது. சல்யூட் வந்தது. கோவிந்தசாமி குச்சிகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

காரியதரிசி எல்லோருக்கும் கை கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு செப்படி வித்தைக்காரன் வருகிறான், ஒரே வேடிக்கையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சலித்துவிடும், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். இந்தத் தடவை நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணன் சரி என்று தலையாட்டினார். சொல்லி அனுப்பவே இல்லை.

சென்னீர்குப்பத்தில் மத்தியானச் சாப்பாடு

கோவிந்தசாமி தன் ட்ரம்மை பாயின் பஞ்சுக் கிடங்கில் போட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. முகாமில் மூட்டை ஏற்றும்போது பார்த்ததாகவும், பேசாமல் போய்விட்டதாகவும் என் வீட்டுக்காரர் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து, அருளப்பன் அண்ணனின் மனைவி மரியம்மா அக்கா ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். க்ளப்பில் நடந்தது எதுவும் அக்காவுக்குத் தெரியாது. நானும் காதர் பாயும் கோவில்பதாகைக்குப் போனோம். ஏரிக்கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தான்.

"எந்த மூஞ்ச வச்சிக்கினு அந்த ஊட்டுக்கு வர்றது?" என்றான்.

பாய் கரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. அவன் மாட்டைக் கழுவி முடித்தான். மறுபடியும் முதலிலிருந்து கழுவினான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு வந்தான்.

சென்னீர்குப்பம் வீட்டில் இலை போட்டிருந்தது. அண்ணன் பல் செட்டை வைத்துக்கொள்ளவில்லை. அதை முன்பே கழற்றிவிட்டு, எங்களுக்கு எதிரில் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார். அக்கா குழம்பு எடுக்க உள்ளே போனதும் கோவிந்தசாமி இலையைப் பார்த்தபடியே பேசினான்.

"நைனா, இந்தக் கையை வெட்டிப் போட்டுடலாம் போல கீது. நான் வேணும்னு அடிக்கல. எங்கம்மா சத்தியமா வேணும்னு அடிக்கல."

"தெரியும் கோவிந்து."

"நானும் சேர்ந்து உன்னை..."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"மொத வாட்டி வுழுந்துச்சே, அப்ப தரையில அது பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சி. டக்குன்னு. ஒரு வாரம் தூங்கல நானு. கண்ண மூடினா அந்தச் சத்தம் தான். ரெண்டாவது வாட்டி குனியறப்ப எல்லாத்துக்கும் துணிஞ்சிதான் குனிஞ்சேன், அந்தச் சத்தத்த மட்டும் மறுபடியும் கேக்கணுமேன்னு பயமா இருந்திச்சி. நீ அடிச்ச அடியில எனக்கு அது கேக்கவே இல்ல."

உள்ளே அக்கா குழம்புச் சட்டியை இறக்குவது கேட்டது. கோவிந்தசாமி இலையில் கை வைத்தான். சோற்றை அள்ளினான், வாய்க்குக் கொண்டுபோகாமல் மறுபடி இலையிலேயே விட்டான்.

அக்கா வந்து எல்லோருக்கும் குழம்பு ஊற்றினார். "இன்னா எல்லாரும் கம்முனு கீறீங்க? காரமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, நல்லா இருக்கு" என்றேன்.

அண்ணன் மட்டும் நிமிர்ந்து, யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, ஈறுகளால் மெதுவாக மென்று சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் அவரவர் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தோம்.